காப்புக்குள் மாட்டிய பி.ஏ. இசை

சின்னாலம்பட்டி நஞ்சப்பன் மகள் தீர்த்தம்மாள் பி.ஏ.வில் இசை எடுத்துப் படித்ததற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. 1981இல் பிளஸ் டூ முடித்தவள், சரித்திரம் படிக்கலாமென்று சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள். கடத்தூரிலிருந்து அப்பாவும் மகளும் பஸ் மாறி பஸ் ஏறிப் போய்ச் சேருவதற்குள் சரித்திரத்தில் இடம் தீர்ந்துவிட்டது. இசையில் மட்டும் மூன்று இடம் காலியாக இருக்கிறது, பெண்ணுக்குப் பாட வருமா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். தீர்த்தம்மாள் வாயைத் திறக்குமுன் நஞ்சப்பன், "நல்லாப் பாடுமுங்க" என்று சொல்லிவிட்டார். மகள் பாடி அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அத்தனை தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப அவருக்கு மனமில்லை, அவ்வளவுதான். இசைத் துறையில் லூர்துமேரி மிஸ் என்ற பேராசிரியை அவளை இரண்டு வரி பாடச் சொன்னார். பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனைப் பாட்டைப் பாடினாள். "சுருதி நிக்குது, மத்ததைச் சொல்லிக் கொடுத்துக்கலாம்" என்று மிஸ் சேர்த்துக்கொண்டார்.

சேர்ந்த பிறகு அவளுக்கே ஆச்சரியம், அந்தப் படிப்பு பிடித்துப்போய்விட்டது. விடியுமுன் எழுந்து ஹாஸ்டல் மொட்டை மாடியில் சாதகம் செய்வதும், ஒரே ஸ்வரத்தை நாற்பது முறை பிடித்துப் பிடித்துச் சரிசெய்வதும் பிடித்தது. பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். லீவுக்கு ஊருக்கு வந்து அந்தப் படிப்புக்குப் பதில் சொல்வது.

"பாட்டுக்கு எதுக்குப் புள்ள மூணு வருசம்?" என்பது முதல் கேள்வி. "பேப்பர்ல எழுதுவீங்களா, வாயில பாடுவீங்களா?" என்பது இரண்டாவது. இரண்டும் உண்டு என்றால் யாரும் நம்பவில்லை. காதுகுத்தா, சீமந்தமா, ரேடியோ செட் கட்டிய இடத்திலெல்லாம் அவளைப் பிடித்து இழுத்து மைக்கை வாயில் திணித்தார்கள். ஆலாபனை என்றால் ராகத்தை வார்த்தையே இல்லாமல் விரித்துப் பாடுவது. ஒரு முறை ரோஷத்தோடு அதைத் தொடங்கிப் பார்த்தாள். கூட்டத்தில் ஒருவர், "தொண்டையைச் சரி பண்ணினது போதும் கண்ணு, பாட்டை எடு" என்றார். அதற்குப் பிறகு மைக்கைக் கண்டாலே பின்கட்டு வழியாக ஓடிவிடுவாள்.

இதில் எல்லோரையும்விட அவளை எரிச்சல்படுத்தியவள் முனியம்மாள். நஞ்சப்பனுக்கு அக்கா, தீர்த்தம்மாளுக்கு அத்தை. இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தாள். "எங்கண்ணு மெட்ராஸ்ல மூணு வருசமா பாட்டுப் படிக்குது, இன்னும் ஒரு பாட்டு முழுசாத் தெரியல" என்று கிணற்றடியில் ஊருக்கே அறிவித்தவள் அவள்தான். அத்தைக்கு இன்னொரு பெயரும் உண்டு. தூங்காதவள். ஆறு வருஷத்துக்கு முன் ஓர் இரவு, பக்கத்தில் படுத்திருந்த புருஷனுக்கு மாரடைப்பு வந்து உயிர் போயிருந்தது. முனியம்மாள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். காலையில் எழுப்பப் போய்த்தான் தெரிந்தது. அன்றையிலிருந்து தூக்கம் அவளை விட்டுப் போய்விட்டது. மாத்திரைக்கும் வரவில்லை, மந்திரிப்புக்கும் வரவில்லை. களத்தில் கடலைக்காய் காயப் போட்டவர்கள், "முனியம்மா முழிச்சிருப்பா" என்று நம்பிக்கையாகப் போய்ப் படுத்துக்கொள்வார்கள்.

1984 ஏப்ரலில் மூன்றாம் வருஷத்து எழுத்துப் பரீட்சைகள் முடிந்தன. பிராக்டிகல் மட்டும் பாக்கி. இரண்டு பரீட்சையாளர்கள் முன்னால் உட்கார்ந்து அரை மணி நேரம் பாட வேண்டும். அது அடுத்த வாரம் திங்கட்கிழமை. இடையில் நான்கு நாள் வீட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு சனிக்கிழமை திரும்பிவிடலாம் என்று செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சின்னாலம்பட்டியில் வந்து இறங்கினாள். அந்த டவுன் பஸ் என்றைக்கும் ஒரு மணி நேரம் தாமதமாக வரும். அன்றைக்கென்று பார்த்து சரியான நேரத்துக்கு வந்து தொலைத்தது.

அவள் கால் கழுவிக்கொண்டிருக்கும்போதே கோயில் பக்கமிருந்து பம்பை மேளச் சத்தம் கேட்டது. "என்னம்மா?" என்றாள்.

"காப்புக் கட்டுறாங்க" என்றாள் அம்மா கோவிந்தம்மாள்.

"அடுத்த வாரம்தான?"

"அடுத்த வாரம் பம்பைக்காரங்க கம்பைநல்லூருக்கு ஒத்துக்கிட்டாங்களாம். அதான் முன்னாடியே வெச்சுட்டாங்க. உனக்கு லெட்டர் போடலாம்னு இருந்தேன்."

தீர்த்தம்மாள் சொம்பை அப்படியே கீழே வைத்தாள். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டும் நேரத்தில் ஊருக்குள் இருப்பவர்கள், விழா முடிந்து காப்பு அவிழ்க்கும்வரை வெளியூரில் இராத் தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பொழுது சாய்ந்தால் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் வந்துவிட வேண்டும். மீறினால் ஊருக்கே ஆகாது. காப்பு அவிழ்ப்பது அடுத்த புதன்கிழமை. பரீட்சை திங்கட்கிழமை. சென்னை எட்டு மணி நேரப் பயணம்.

தவறவிட்டால் மறுபடி எழுத ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். "இன்னொரு வருசம் மெட்ராசுக்கு அனுப்ப என்னால ஆவாது" என்று நஞ்சப்பன் மூன்றாம் வருஷத் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் அல்ல அவர். அரை மணி நேரப் பாட்டு இல்லாமல் மூன்று வருஷப் படிப்பும் பாதியில் நிற்கப்போகிறது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது.

மறுநாள் காலை கோயில் முன்னால் பேச்சு நடந்தது. பூசாரி தர்மன் பொறுமையாகத்தான் விசாரித்தார்.

"எவ்வளவு நேரம் கண்ணு பரீட்சை?"

"அரை மணி நேரங்க."

"அரை மணி நேரம் பாடறதுக்கு மெட்ராஸ் போவணுமா? இங்கியே கோயில்ல பாடிரு. மைக்செட்டு கட்டியிருக்குது. ஊரே கேட்டுட்டு கையெழுத்துப் போட்டுக் குடுக்கறோம்."

தீர்த்தம்மாள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தாடையைச் சொறிந்துகொண்டு, "அப்பிடி எழுதிக் குடுத்தா காலேஜில ஒத்துக்குவாங்களா கண்ணு?" என்று கேட்டார். அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் தாங்கவில்லை.

"பூசாரி வந்து மார்க் போட முடியாதுப்பா" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

ஒரு மணி நேரம் இழுத்துப் பறித்த பிறகு தர்மனே ஒரு வழி கண்டுபிடித்தார். தங்குவது என்றால் என்ன? தலை சாய்த்துக் கண்ணசந்தால்தான் தங்கியதாக அர்த்தம். கண்ணை மூடாமல் போய், கண்ணை மூடாமல் திரும்பி, சூரியன் கிளம்புமுன் எல்லைக் கல்லைத் தாண்டிவிட்டால் அது தங்கல் ஆகாது. ஆனால் அவள் கண்ணசரவில்லை என்பதற்கு ஒரு சாட்சி வேண்டும். யாரை அனுப்புவது என்று யாரும் யோசிக்கவே இல்லை. எல்லோரும் முனியம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் பாத்துக்கறன்" என்றாள் அத்தை.

இடையில் இருந்த நாட்களில் சாதகம் என்று ஒன்று நடக்கவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு எதிர்வீட்டு வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் அலறத் தொடங்கினால் இரவு பத்துக்குத்தான் ஓயும். தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போனாள். மோட்டாரின் உறுமல் அவள் சுருதிக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. மோட்டாரோடு சேர்ந்தால் அவள் சுருதி இறங்கியது, சேராவிட்டால் காது கூசியது. கரண்ட் போன நேரங்களில் மட்டும் ஒழுங்காகப் பாடினாள். அந்த வாரம் பார்த்து கரண்டும் அதிகமாகப் போகவில்லை.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு எழுந்து, நடந்து கடத்தூர் போய், தர்மபுரி போய், ஐந்தரைக்குச் சென்னை பஸ் பிடித்தார்கள். கிருஷ்ணகிரி வரை கண்ணை மூடிச் சற்றுச் சாய்ந்தால் குரலுக்கு ஓய்வாக இருக்கும் என்று நினைத்தாள். இமை சேர்ந்ததும் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது.

"அத்தை, இது பகல்."

"பூசாரி பகல், ராத்திரின்னு பிரிச்சுச் சொல்லல. கண்ணு மூடக் கூடாது, அவ்வளவுதான்."

"நான் தூங்கல, சும்மா மூடினேன்."

"அப்பிடித்தான் எல்லாரும் ஆரம்பிக்கிறது."

வாணியம்பாடி வருவதற்குள் அத்தை அவள் முகத்தில் மூன்று முறை தண்ணீர் அடித்திருந்தாள். தலைமுடியெல்லாம் நனைந்து, ஜன்னல் காற்று அதில் அடித்தது. ஆம்பூரில் வெள்ளரிப் பிஞ்சு வாங்கித் தின்ன வைத்தாள். வேலூரில் பஸ் நின்றபோது ஐஸில் கிடந்த கலர் பாட்டிலோடு வந்து நின்றாள்.

"குரல் போயிடும் அத்தை. பாடப் போற நாள்ல இதைக் குடிக்கவே கூடாது."

"போனா நாளைக்கு வருது. கண்ணசந்துட்டா ஆத்தா வுடமாட்டா. குடி."

தீர்த்தம்மாள் குடித்தாள். பஸ்ஸில் பாதிப் பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவளுக்கு மானம் போயிற்று. மீதித் தூரத்துக்கு அத்தை கேள்விகளால் அவளை விழிக்க வைத்தாள்.

"அங்க யாரு பாடுவா?"

"நான்."

"அவங்க?"

"கேப்பாங்க."

"கேக்கறதுக்கா அவங்களுக்குச் சம்பளம்?" அத்தைக்கு அது மனதில் இறங்க பூந்தமல்லி வரை ஆயிற்று.

கல்லூரிக்குள் நுழைந்து குடிநீர்க் குழாயருகே நின்று மெதுவாக ஒரு ஸ்வரம் பிடித்துப் பார்த்தாள். மேல் ஸ்தாயியில் வெறும் காற்றுத்தான் வந்தது. தொண்டைக்குள் யாரோ மணலை அள்ளிப் போட்டது போலிருந்தது. அத்தைக்குப் பரீட்சை நடக்கும் அறைக்கு வெளியே வராண்டாவில் ஒரு பெஞ்சைக் காட்டினாள். "இங்க உட்காரு. எங்கயும் போவாத, யார்கிட்டயும் பேசாத" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே லூர்துமேரி மிஸ்ஸும், வெளியிலிருந்து வந்திருந்த வயதான பரீட்சையாளர் ஒருவரும் இருந்தார்கள். வழக்கமாக அஞ்சு கட்டையில் பாடுகிறவள், சுருதிப் பெட்டியை நாலுக்கு இறக்கச் சொன்னபோது மிஸ்ஸின் முகம் சுருங்கியது. வர்ணத்தை எப்படியோ கடத்தினாள். வேகம் இரட்டிக்கும் இரண்டாம் காலத்தில் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. பெரியவர் ஏதோ எழுதினார். "கரகரப்ரியா கொஞ்சம் ஆலாபனை பண்ணும்மா" என்றார்.

மேலே போக முடியாது என்று தெரிந்துவிட்டதால் கீழேயே தொடங்கினாள். மந்தர ஸ்தாயியில் கட்டைக் குரலுக்குக்கூட ஓர் இடம் இருந்தது. பயத்தில் மெதுவாகப் போனாள். ஒவ்வொரு ஸ்வரமாகத் தடவிப் பார்த்து நகர்ந்தாள். ஐந்து நிமிஷம் போயிருக்கும். வராண்டாவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் யாரோ பெஞ்சை இழுக்கிறார்கள் என்று நினைத்தாள். மறுபடி வந்தது. குறட்டை.

பாதி திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தாள். அத்தை சுவரில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

தீர்த்தம்மாளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. விடியற்காலையிலிருந்து கிள்ளிக் கிள்ளித் தன் குரலைக் கெடுத்த பொம்பளை இப்போது ஊர்க் கட்டுப்பாட்டையும் சேர்த்துக் கெடுத்துக்கொண்டிருக்கிறாள். காப்புக் கட்டியபோது அவளும் ஊரில்தானே இருந்தாள்? காவலுக்கு வந்தவளுக்கும் அதே காப்புத்தான் என்று ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நீலாம்பரி பாடியிருந்தாலாவது, அது தாலாட்டு ராகம், நியாயம் என்று விட்டுவிடலாம். கரகரப்ரியாவுக்கு யாராவது தூங்குவார்களா?

பெரியவர் கையை உயர்த்தினார். "போதும்மா."

நிறுத்தினால் அத்தை விழித்துக்கொள்வாள். அது தெரிந்ததும் கோபம் எங்கே போயிற்றென்று அவளுக்கே தெரியவில்லை. ஆறு வருஷம். கிணற்றடியில் விடியுமுன் தனியாக உட்கார்ந்திருக்கும் அத்தையை அவள் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு, கேட்காததுபோல், இன்னொரு சுற்றுக் கீழேயே போய்வந்தாள். பிறகு ஒன்று. பெரியவர் பேனாவால் மேஜையைத் தட்டிய பிறகுதான் முடித்தாள்.

வெளியே வந்த லூர்துமேரி மிஸ் அவளைத் தனியே இழுத்தார். "குரல் போனது சரி, யாருக்கும் வரும். போதும்னு சொன்ன பிறகும் நீட்டினியே, ஏன்? எங்க நிறுத்தணும்ங்கிறதுக்கும் மார்க் இருக்கு தீர்த்தம்."

"தெரியும் மிஸ்" என்றாள்.

அத்தை இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். ஊர் திரும்ப ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவள் எழுப்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, வழியில் போன பெண்களிடம் வாயில் விரலை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம் கழித்துக் கூட்டுகிற அம்மா துடைப்பத்தோடு வந்த பிறகுதான் தோளைத் தொட்டாள்.

முனியம்மாள் விழித்து, சுற்றிலும் பார்த்து, பெஞ்சைப் பார்த்து, தன் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் தூங்கிட்டனா?"

"ஆமா."

"ஏன் புள்ள எழுப்பல? ஊருக்கு ஏதாச்சும் ஆனா?"

"நீ தூங்கி நான் பார்த்ததே இல்ல அத்தை. எழுப்பக் கை வரல."

அத்தை முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். பயத்தில் அழுதாளா, வேறெதற்காகவா என்று தீர்த்தம்மாள் கேட்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் யாரும் யாரையும் கிள்ளவில்லை. இருவரும் தர்மபுரி வரை கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு வந்தார்கள்.

முதல் பஸ்ஸில் வந்திறங்கியபோது எல்லைக் கல்லருகே தர்மன் மஞ்சள் தண்ணீர்ச் செம்போடும் வேப்பிலையோடும் நின்றிருந்தார். நஞ்சப்பன் பக்கத்தில் நின்றார். கிழக்கே இன்னும் வெளுக்கவில்லை.

"கண்ணசந்தியா கண்ணு?" என்று தர்மன் தீர்த்தம்மாளைக் கேட்டார்.

"நான் அசரலீங்க." அது உண்மை.

அத்தை ஓரடி முன்னால் வந்தாள். "பூசாரி, நானு..."

"உன்ன யாரு கேட்டா? நீ என்னிக்கித் தூங்கியிருக்கற?" என்று சிரித்து, தர்மன் இருவர் தலையிலும் தண்ணீர் தெளித்துவிட்டுப் போய்விட்டார். அத்தை அதன் பிறகு இரண்டு நாளும் கோயிலுக்கு யாரும் கேட்காமலே குடம் குடமாகத் தண்ணீர் எடுத்து ஊற்றினாள். ஏதோ வேண்டுதலாக்கும் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

ரிசல்ட் ஜூனில் வந்தது. பிராக்டிகலில் நூற்றுக்கு ஐம்பத்திரண்டு. பாஸ். இன்றைக்கு 1989இல் தர்மபுரியில் ஒரு பெண்கள் பள்ளியில் தீர்த்தம்மாள் பாட்டு டீச்சர். அவளுடைய பீரியடைக் கணக்கு டீச்சரும் சயின்ஸ் டீச்சரும் மாறி மாறிப் பிடுங்கிக்கொள்கிறார்கள். "பாட்டுத்தானே டீச்சர்" என்கிறார்கள். அதை ஆரம்பித்தால் இன்னொரு கதை எழுத வேண்டும், அவளும் விடமாட்டாள். காப்பு அவிழ்த்த புதன்கிழமையைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அன்று மத்தியானம் மூன்று மணி. எதிர்வீட்டு மரத்தில் ஸ்பீக்கரை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். தீர்த்தம்மாள் மிளகுக் கஷாயத்தை வைத்துக்கொண்டு, மார்க் எவ்வளவு போயிருக்கும் என்று மனதுக்குள் கழித்துக்கொண்டிருந்தாள். அத்தை கையில் ஒரு பாயோடு உள்ளே வந்தாள்.

"காப்பு அவுத்தாச்சில்ல?"

"அவுத்தாச்சு."

"அப்பப் பாடு."

"எதை? ரேடியோவுல வர்றதையா?" என்றாள் தீர்த்தம்மாள் எரிச்சலோடு.

"அது யாருக்கு வேணும். அன்னிக்கு வராண்டாவுல கேட்டனே, வார்த்தையே இல்லாம அடியிலயே போய்க்கிட்டு இருந்துச்சே. அது."

மூன்று வருஷத்தில் ஊரில் யாரும் அதைப் பாடச் சொன்னதில்லை. "குரல் இன்னும் சரியாவல அத்தை" என்றாள்.

"நான் என்ன மார்க்கா போடப் போறன்." அத்தை பாயை விரித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். "ஒண்ணு மட்டும் சொல்லிப்புட்டேன். சீக்கிரம் நிறுத்திப்புடாத."

தீர்த்தம்மாள் கஷாயத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கீழ் ஸ்தாயியில் தொடங்கினாள். கொஞ்ச நேரம் அத்தையின் கை பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தது. பிறகு பிய்க்கவில்லை. தண்ணீர்க் குடத்தோடு வந்த கோவிந்தம்மாள் என்னவோ கேட்க வாயெடுத்தாள். தீர்த்தம்மாள் பாட்டை நிறுத்தாமல் கையை மட்டும் உயர்த்திக் காட்டினாள். கோவிந்தம்மாள் பாயில் கிடந்தவளைப் பார்த்துவிட்டு, இடுப்புக் குடத்தை இறக்காமல் வாசலிலேயே நின்றாள்.